முழங்கைக்கும் முட்டிக்கும் நடுவே: தரைப் பிடியின் அடிப்படை நிலைகள்

தரையில் மல்லாந்து படுங்கள். இரண்டு முட்டிகளையும் மார்பை நோக்கி மடக்கி, முழங்கைகளை முட்டிகளோடு ஒட்ட வையுங்கள். இப்படி உருண்டு கிடக்கும்போது ஒருவர் உங்கள் மேல் ஏறிப் படுக்கப் பார்த்தால் அவருக்கு உங்கள் கையும் காலும்தான் கிடைக்கும், மார்பு கிடைக்காது. இப்போது ஒரு முழங்கையை மட்டும் ஒரு சாண் தூக்குங்கள். விலாவுக்கும் முட்டிக்கும் நடுவே ஒரு வாசல் திறந்துவிட்டது. தரையில் நடக்கும் பிடிப்போர் முழுவதும் இந்த ஒரு சாண் வாசலுக்காகத்தான். மேலே இருப்பவர் அதற்குள் தன் முட்டியையோ இடுப்பையோ நுழைக்கப் பார்க்கிறார். கீழே இருப்பவர் அதை மூடப் பார்க்கிறார். தரையில் எதிராளியைப் பிடித்து அடக்கும் கலையான பிரேசிலிய ஜியு ஜிட்சுவின் பயிற்சியில் மவுண்ட், கார்டு, சைடு கன்ட்ரோல் என்று காதில் விழும் பெயர்கள் எல்லாம் அந்த வாசல் இப்போது யார் வசம் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்யும் முன் இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கபடி ஆடிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு பங்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். கணுக்காலைக் கவ்வுவதும் தொடையை அணைத்துச் சாய்ப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கபடியில் பாடிச் சென்றவரை மடக்கியதும் விசில் ஊதிவிடும். இங்கே பாடம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

மண் குஸ்தி பார்த்து வளர்ந்தவர்கள் ஒன்றை முதலிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். குஸ்தியில் இரண்டு தோள்பட்டையும் மண்ணில் பட்டால் தோல்வி. அதனால் ஆபத்து வந்ததும் மல்லர் குப்புறப் புரண்டுகொள்வார். அங்கே அது பாதுகாப்பு. ஜியு ஜிட்சுவில் அதே செயல் முதுகை எதிராளியிடம் ஒப்படைப்பதாகிவிடும், அதைவிட மோசமான இடம் தரையில் கிடையாது. மாறாக, மல்லாந்து கிடப்பது ஜியு ஜிட்சுவில் தோல்வியும் அல்ல. கால்கள் எதிராளிக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும்வரை நீங்கள் சண்டையில் இருக்கிறீர்கள். ஜூடோ இரண்டுக்கும் இடைப்பட்டது: எதிராளியை மல்லாக்க அழுத்தி 20 விநாடி வைத்திருந்தால் ஆட்டம் முடிந்தது. 1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ தொடங்கிய ஜூடோவின் தரைப்பகுதியைத்தான் ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். பிரேசிலின் கிரேசி குடும்பத்தார் அதை வளர்த்து, கீழே கிடப்பவரின் கால் வேலையைத் தனிக்கலையாகவே ஆக்கினார்கள்.

எங்கே பழகுவது

செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும், பார்த்ததும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றும். நீளம், நிழல், காற்று மூன்றும் உண்டு. ஆனால் தரையைக் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் கண்ணாடி போலவே வழவழவென்று இருக்கும், அடியில் சிமென்ட்டின் கடினமும் இருக்கும். அதன் மேல் ஜமக்காளமோ கோரைப்பாயோ விரித்தால் உடம்போடு சேர்ந்து விரிப்பும் வழுக்கும். பாதம் ஒரு பக்கம் நகர, முட்டி இன்னொரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். பஞ்சு மெத்தையும் கூடாது. அதில் முட்டி புதைந்து நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும், முட்டி மூட்டின் ஜவ்வு கிழியும்.

40 மி.மீ. கனமுள்ள ஜூடோ பாய் சிறந்தது. நிலைகளை மட்டும் பழகுவதற்கு, அதாவது தூக்கி எறிதல் இல்லாமல் முட்டி போட்டுத் தொடங்குவதற்கு, ஒன்றோடொன்று கோத்துப் போடும் ஒரு மீட்டர் சதுர ஃபோம் பாய்களே போதும். ஒரு ஜோடிக்கு ஒன்பது வேண்டும். வளவில் என்றால் கல்தூணிலிருந்தும் முற்றத்து விளிம்பிலிருந்தும் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடுங்கள், உருளும்போது யாரும் திசை பார்ப்பதில்லை. பாய் இல்லாதவர்களுக்குச் செம்மண் களம் உண்டு. அரை அடி கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் புழுதி அடங்கிய பிறகு இறங்கலாம்.

இறங்கும் முன் உடம்பில் இருப்பதை எல்லாம் கழற்ற வேண்டும். மோதிரம், தோடு, காப்பு, மெட்டி, கழுத்துச் சங்கிலி, தாயத்து. அரைஞாண் கயிற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிராளியின் கால்விரல் அதில் மாட்டினால் விரல் உடையும், கயிறு அறாது. கழற்ற மனமில்லை என்றால் கால்சட்டைப் பட்டிக்குள் சுருட்டி மேலே ஒட்டுநாடா ஒட்டுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இந்த ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் படர்தாமரை ஒருவரிடமிருந்து ஒரே வாரத்தில் எல்லாருக்கும் போய்விடும். துவைத்த உடை, முடித்த உடனே குளியல், பாய்க்கு ஒவ்வொரு நாளும் கிருமிநாசினித் துடைப்பு: இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தோலில் வட்டம் தெரிந்தவர் மருத்துவரைப் பார்த்துக் குணமாகும்வரை பாய்க்கு வரக்கூடாது. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

தட்டுவது

பிடி தாங்கவில்லை என்றால் எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை அவருக்குத் தெரியும்படி தட்ட வேண்டும். இதற்கு டேப் என்று பெயர். கை மாட்டிக்கொண்டால் வாயால் ‘டேப்’ என்று சொல்லுங்கள், காலால் பாயைத் தட்டுங்கள். தட்டியதும் மற்றவர் அந்த நொடியே விட வேண்டும். கழுத்தின் இரு பக்க இரத்த ஓட்டத்தையும் நெருக்கும் பிடியில் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும், வலியே இல்லாமலும் தப்பும். எனவே வலிக்கும்வரை காத்திருக்கலாம் என்ற கணக்கு கழுத்துப் பிடியில் செல்லாது. முதல் மூன்று மாதம் குதிகால் முறுக்குப் பிடியும் கழுத்தை முறுக்கும் பிடியும் வேண்டவே வேண்டாம். தனி விரலைப் பிடித்து வளைப்பது எந்தக் காலத்திலும் கூடாது.

இரண்டு அசைவுகள்

நிலைகளுக்கு முன்னால் இரண்டு அசைவுகள் உடம்பில் ஏற வேண்டும். கீழே கிடப்பவர் தப்பிக்கும் வழிகளில் மிகப்பெரும்பாலானவை இவற்றின் கலவைதான்.

முதலாவது பாலம். மல்லாந்து படுத்து, குதிகால்களைப் புட்டத்துக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் ஊன்றி, இடுப்பை மேலே எறிய வேண்டும். நேரே மேலே எறிவது பாதிப் பாலம்தான். முழுப் பாலத்தில் ஒரு தோளின் மேல் ஏறி, அந்தத் தோளைத் தாண்டிப் பின்னால் பார்க்க வேண்டும். குதிகால் தள்ளி இருந்தால் இடுப்பு எழாது. முதல் வாரத்தில் எல்லாரும் செய்யும் பிழை இது.

இரண்டாவது இறால். சட்டியில் விழுந்த இறால் போல உடம்பை வளைப்பதால் இந்தப் பெயர். ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை ஊன்றி, இடுப்பைப் பின்னோக்கித் தள்ளுங்கள். கைகள் முட்டியைத் தொடுவது போல முன்னே நீளும். இடுப்பு எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு இடம் முன்னால் கிடைக்கிறது, அந்த இடத்தில் முட்டி நுழைகிறது. மல்லாந்தபடியே தள்ளினால் முதுகு முழுவதும் பாயில் உரசி நகராமல் நிற்கும். ஒரு தோளும் ஒரு பாதமும் மட்டுமே தரையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் பத்து மீட்டர் போய்ப் பத்து மீட்டர் வாருங்கள், பக்கம் மாற்றி மாற்றி.

பாலம் எதிராளியின் எடையை ஒரு கணம் தூக்குகிறது. இறால் அந்தக் கணத்தில் இடுப்பை வெளியே எடுக்கிறது. முதலில் இறாலைப் போட்டால் மேலே இருப்பவரின் எடை அசையாமல் இருக்கும், நீங்கள் களைத்துப்போவீர்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

சைடு கன்ட்ரோல்

எந்த நிலையைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும் என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். மேலிருப்பவர் கீழிருப்பவரின் மார்பில் தன் மார்பை வைத்துக் குறுக்காகப் படுத்திருக்கிறார். கால்களைத் தாண்டி வந்துவிட்டார், வாசலுக்குள் நுழைந்துவிட்டார்.

மேலிருப்பவருக்கு: தலைப்பக்கத்துக் கை எதிராளியின் கழுத்துக்கு அடியில் போக வேண்டும். உங்கள் தோளை அவர் தாடையில் வைத்து முகத்தை அப்பால் திருப்புங்கள். முகம் திரும்பிய திசைக்கு எதிராக உடம்பைத் திருப்புவது யாராலும் முடியாத காரியம். அவர் உங்களை நோக்கித் திரும்பினால்தான் தப்பிக்க முடியும், முகமோ மறுபக்கம் பார்க்கிறது. இந்த ஒரு தோளே பாதி வேலையைச் செய்துவிடும். மற்றக் கை அவருடைய தூரத்து அக்குளுக்கு அடியில் புகுந்து தோளைத் தூக்கிப் பிடிக்கட்டும். இடுப்பு தாழ்ந்திருக்கட்டும். அருகிலுள்ள முட்டி அவர் இடுப்பெலும்பில் ஒட்டியிருக்கட்டும்; அதுதான் வாசலுக்குத் தாழ்ப்பாள்.

இதில் பிழை எங்கே வருகிறது? தன் முட்டிகளின் மேல் தன் எடையை வைத்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். பார்வைக்கு அழுத்துவது போல இருக்கும், எதிராளியின் மார்பில் ஐந்து கிலோகூட இறங்கியிருக்காது. சோதிக்க எளிய வழி உண்டு. முட்டியைப் பாயிலிருந்து அரை அங்குலம் தூக்கி, கால்விரல் நுனியில் நில்லுங்கள். கீழே கிடப்பவரின் மூச்சு மாறினால் எடை சரியான இடத்தில் இருக்கிறது.

கீழிருப்பவருக்கு: கையை நீட்டித் தள்ளாதீர்கள். அது முழுப்பலமும் தீரும் வழி, நீட்டிய கை முழங்கைப் பூட்டுக்கும் நேரே போய் மாட்டும். அதற்குப் பதிலாக முன்கையைச் சட்டம் போல நிறுத்துங்கள். ஒரு முன்கை அவர் கழுத்தோரம், மற்றது அவர் இடுப்பெலும்பில். எலும்பு தாங்கட்டும், தசை தாங்க வேண்டாம். கொத்தனார் சாரத்துக்கு முட்டுக்கொடுப்பது போலத்தான்: முட்டு தள்ளுவதில்லை, இறங்கவிடாமல் நிற்கிறது. பிறகு அவரை நோக்கிப் பாலம், உடனே அவரிடமிருந்து விலகி இறால். சட்டம் நின்ற இடத்தில் நிற்க, உங்கள் இடுப்பு மட்டும் வெளியே போகிறது. திறந்த இடத்தில் அருகிலுள்ள முட்டியை நுழையுங்கள். முட்டி அவர் வயிற்றுக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே வந்தவுடன் வாசல் மறுபடி உங்களுடையது.

முதல் முறை பெரும்பாலும் முட்டி பாதியில் நின்றுவிடும். அப்போது இறாலை ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாவது, மூன்றாவது என்று சிறிது சிறிதாகப் போட வேண்டும். ஒரே உதறலில் தப்பிக்க நினைப்பவரைவிட, ஒவ்வொரு முறையும் நான்கு விரற்கடை இடம் சேர்த்துக்கொண்டே போகிறவர் சீக்கிரம் வெளியே வருவார்.

மவுண்ட்

மேலிருப்பவர் எதிராளியின் உடம்பில் குதிரை ஏறுவது போல அமர்வது. இங்கே வாசல் இரண்டு பக்கமும் மேலிருப்பவர் வசம். அவருடைய முட்டிகள் எதிராளியின் அக்குள்களை நோக்கி ஏற ஏற, கீழே கிடப்பவரின் முழங்கைகள் விலாவை விட்டுத் தலைப்பக்கம் போகும், கைகள் பலமிழக்கும்.

சைடு கன்ட்ரோலிலிருந்து இங்கே வருவதில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். காலை உயரத் தூக்கி, சைக்கிளில் ஏறுவது போலத் தாண்டுவார்கள். கால் காற்றில் இருக்கும் அந்த அரை நொடியில் கீழே கிடப்பவர் தன் முட்டியை உயர்த்தி அந்தக் காலைத் தன் இரு கால்களுக்கு நடுவே பிடித்துவிடுவார். சரியான வழி இது. முதலில் அக்குளுக்கு அடியில் இருக்கும் கையால் அவர் தூரத்து முழங்கையைத் தலைப்பக்கம் ஏற்றிவிடுங்கள். மார்பு மார்பை விட்டு எழக்கூடாது. இப்போது முட்டியை அவர் வயிற்றின் மேல் குறுக்காக, மாவு தேய்க்கும் கட்டையை உருட்டுவது போல, மறுபக்கத் தரை தட்டும்வரை சறுக்குங்கள். பாதம் உங்கள் மற்றத் தொடையை ஒட்டியே பின்தொடர வேண்டும், தொங்கக் கூடாது.

ஏறிய பிறகு இடுப்பைத் தாழ்த்தி, கைகளை அகலமாக, அவர் தலைக்கு மேலே ஊன்றுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து அவர் மார்பில் கை வைத்தால் கவிழ்க்கப்படுவீர்கள். காரணம்: உங்கள் வலது கையை அவர் அணைத்துக்கொண்டு, அதே பக்கத்து உங்கள் பாதத்தைத் தன் இடது பாதத்தால் வெளியிலிருந்து அடைத்துவிட்டால், அந்தப் பக்கம் உங்களுக்கு ஊன்ற ஒன்றுமில்லை. மேசையின் ஒரு பக்கக் கால்கள் இரண்டையும் எடுத்தது போல. பிறகு அவர் தன் இடது தோளைத் தாண்டிப் பாலம் போட்டால் எவ்வளவு கனமானவரும் உருள்வார். கையையும் பாதத்தையும் சேர்த்துப் பூட்டாமல் ஒன்றை மட்டும் பிடித்து உருட்டப் பார்ப்பதால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை.

கீழே கிடப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒருக்களித்து, தரையோரத்துக் காலைத் தட்டையாக நீட்டி, அந்தப் பக்கத்து முழங்கையால் மேலிருப்பவரின் முட்டியைக் கீழ்நோக்கித் தள்ளிப் பிடித்து, இறால் போட்டு, உங்கள் முட்டியை அவர் காலுக்கு அடியில் நுழைப்பது. முழங்கையும் முட்டியும் மறுபடி சந்திக்கின்றன. முதலில் பாலம் போட்டு மிரட்டுங்கள். அவர் விழாமல் இருக்கக் கை ஊன்றுவார், கால் லேசாகும், அப்போது இறால். ஒரு வழியை மட்டுமே நம்புகிறவரை மேலிருப்பவர் இரண்டாவது நாளே படித்துவிடுவார்.

வயிற்றில் முட்டி

சைடு கன்ட்ரோலிலிருந்து எழுந்து, ஒரு முன்காலை, அதாவது முட்டிக்குக் கீழுள்ள பகுதியை, எதிராளியின் வயிற்றின் குறுக்கே வைத்து, மறுகாலை அகல ஊன்றி நிற்பது. இது புதிய சரக்கு அல்ல. ஆமூர் மல்லனோடு பொருத சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஒரு காலை மல்லனின் மார்பில் வைத்து, மறுகாலால் பின்னே மடக்கியதைச் சங்கப் பாட்டு ஒன்று காட்டுகிறது. அந்தக் காட்சியைப் படிக்கும் எந்த மல்லருக்கும் உடம்பு சிலிர்க்கும்.

எதிராளி உருண்டு ஓடப் பார்க்கும்போதும் நீங்கள் வேகமாகப் பக்கம் மாற வேண்டியபோதும் இது உதவும். ஊன்றிய கால் மிக அருகில் இருந்தால் அவர் அதைக் கையால் வாரிவிடுவார். அவ்வளவுதான். இதில் நெடுநேரம் உட்கார்ந்திருக்க முயல வேண்டாம், இது வழியில் இருக்கும் திண்ணை.

கார்டு, மூன்று கட்டு வாசல்

கீழே கிடப்பவரின் கால்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் எல்லா நிலைக்கும் கார்டு என்று பெயர். கால்களால் இடுப்பைச் சுற்றிக் கணுக்காலைப் பூட்டினால் மூடிய கார்டு, பூட்டாவிட்டால் திறந்த கார்டு.

மூடிய கார்டில் கீழிருப்பவர் எதிராளியை நிமிர விடக்கூடாது. முட்டிகளை மார்பை நோக்கி இழுத்தால் அவர் முன்னே சாய்வார், தலையைக் கையால் அணைத்துக்கொள்ளுங்கள். மேலிருப்பவருக்கு நேர் எதிர்: முதுகு நிமிர்ந்து, முட்டிகள் அகன்று, கைகள் எதிராளியின் இடுப்பிலோ புயத்திலோ இருக்க வேண்டும். ஒரு கை அவர் கால்களுக்கு உள்ளே, ஒரு கை வெளியே என்று ஒருபோதும் விடாதீர்கள். அந்த நொடியில் அவர் ஒரு காலை உங்கள் தோள்மேல் போட்டு முக்கோணமாக மடித்துக் கழுத்தை நெரிப்பார். இரண்டும் உள்ளே அல்லது இரண்டும் வெளியே. இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழகினாலும் தவறில்லை.

கவிழ்ப்பது, அதாவது ஸ்வீப், எதிராளியின் எடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவர் பின்னே சாய்ந்து நிமிர்ந்தால், நீங்கள் எழுந்து உட்கார்ந்து ஒரு கையைப் பின்னே ஊன்றி, மறுகையால் அவர் தோளைத் தாண்டிப் புயத்தைக் கவ்வி, இடுப்பால் முட்டித் தள்ளுங்கள். அவர் முன்னே சாய்ந்தால், ஒரு முன்காலை அவர் வயிற்றில் குறுக்கே வைத்து, மறுகாலை அவர் முட்டியோரம் தரையில் கிடத்தி, சட்டைக் கையை இழுத்தபடி கத்தரிக்கோல் போல வெட்டுங்கள். பின்னே சாய்பவரிடம் கத்தரிக்கோலைப் போட்டால் மலையைத் தள்ளுவது போல இருக்கும். நுட்பம் தெரிந்தும் பலிக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் பெரும்பாலும் இந்தத் திசைக் கோளாறுதான்.

இனி மேலிருப்பவர் கார்டைத் தாண்டுவது. செட்டிநாட்டு வீட்டில் தெருவிலிருந்து நேராக அடுப்படிக்குப் போக முடியாது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். கார்டும் அப்படியே: முதல் கட்டு எதிராளியின் பாதங்கள், இரண்டாவது முட்டிகள், மூன்றாவது இடுப்பு. பாதங்கள் உங்கள் இடுப்பிலும் தோளிலும் ஊன்றியிருக்கும்போது மார்பைக் கொண்டுபோய் அழுத்த முயன்றால் பாதியில் உதைபட்டுத் திரும்புவீர்கள். முதலில் கணுக்காலையோ கால்சட்டையின் நுனியையோ பிடித்துப் பாதத்தை அகற்றுங்கள். பிறகு ஒரு முட்டியைத் தரையை நோக்கி அழுத்தி, உங்கள் முன்காலை அந்தத் தொடையின் மேல் குறுக்காக வைத்து, முட்டியை மறுபக்கத் தரைக்குச் சறுக்குங்கள். அதே நேரம் அவர் கை உங்கள் அக்குளுக்குள் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகுந்தால் அவர் ஒருக்களித்து எழுந்து உங்கள் முதுகுக்கு வந்துவிடுவார். இடுப்பையும் தாண்டியதும் ஓடிப்போய் ஏறாதீர்கள். தோளைத் தாடையில் வைத்து, இடுப்பை இறக்கி, மூன்று விநாடி அசையாமல் நில்லுங்கள். சர்வதேசப் பிரேசிலிய ஜியு ஜிட்சுப் போட்டிகளில் கார்டைத் தாண்டி மூன்று விநாடி நிலைத்தால்தான் 3 புள்ளி. கவிழ்ப்பதற்கும் வயிற்றில் முட்டிக்கும் 2, மவுண்டுக்கும் முதுகுக்கும் 4. புள்ளிக்காக ஆடாதவர்களும் இந்த மூன்று விநாடியைப் பழக வேண்டும். வந்த இடம் நிலைக்குமுன் அடுத்த இடத்துக்குத் தாவுவதால்தான் பிடித்ததெல்லாம் கைநழுவுகிறது.

ஒரு காலை மட்டும் கீழிருப்பவர் பிடித்து நிறுத்திவிட்டால் அது ஹாஃப் கார்டு. இங்கே எல்லாம் ஒரே கேள்வி: கீழிருப்பவர் ஒருக்களித்திருக்கிறாரா, மல்லாந்துவிட்டாரா? ஒருக்களித்து, மேல்கையை எதிராளியின் அக்குளுக்கு அடியில் நுழைத்திருந்தால் அவருக்கு நல்ல நிலை. தோள் இரண்டும் பாயில் பட்டு முகமும் திரும்பியிருந்தால் சைடு கன்ட்ரோல் வருவது நிச்சயம்.

முதுகு

செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு தெருவில் தலைவாசல், பின்தெருவில் இன்னொரு வாசல். முன்வாசலில் எத்தனை காவல் இருந்தாலும் பின்வாசலில் காவலுக்குக் கண் கிடையாது. முதுகுக்கு வந்தவரை எதிராளியால் பார்க்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. அதனால்தான் எல்லா நிலைகளிலும் இது உயர்ந்தது.

பெரும்பாலும் எதிராளியே இதைக் கொடுக்கிறார். மவுண்டில் தாங்காமல் ஒருக்களித்துப் புரளும்போது, அவரோடு சேர்ந்து திரும்பி ஒரு முட்டியை அவர் தலைக்குப் பின்னும் மறுபாதத்தை வயிற்றோரமும் வைத்தால் வழி திறந்துவிடும். இன்னொரு சந்தர்ப்பம், அவர் முட்டி போட்டு ஆமை போலச் சுருண்டுகொள்வது. ஆமையிலும் அதே விதி: முழங்கையும் முட்டியும் ஒட்டியிருக்கும்வரை உள்ளே போக முடியாது. ஒரு பக்கம் தூக்கி இடைவெளி உண்டாக்கி, அதில் குதிகாலை நுழையுங்கள்.

ஒரு கை தோளுக்கு மேலிருந்தும் ஒரு கை அக்குளுக்கு அடியிலிருந்தும் வந்து மார்பில் கோத்துக்கொள்ளும், கார் சீட் பெல்ட் போல. உங்கள் மார்பு அவர் முதுகை விட்டுப் பிரியக்கூடாது. பாதங்கள் அவர் தொடைகளின் உட்புறம் கொக்கி போடட்டும். கணுக்கால்களை ஒன்றன்மேல் ஒன்று பின்னாதீர்கள், அவர் தன் காலை அதன்மேல் போட்டு உங்கள் கணுக்காலை உடைக்கும் பிடிக்குக் கொண்டுபோவார்.

முதுகைக் கொடுத்தவர் முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். தோளுக்கு மேலிருந்து வரும் அந்த ஒரு கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே இழுங்கள். தாடையைத் தாழ்த்தினால் மட்டும் போதாது. அக்குளுக்கு அடியில் கை இருக்கும் பக்கமாகச் சரிந்து, தோள்பட்டைகளைப் பாயில் பதிக்கப் பாருங்கள். தோள் பாயைத் தொட்டுவிட்டால் அவர் உங்கள் முதுகில் இல்லை, பக்கத்தில் இருக்கிறார்.

எப்படிப் பழகுவது

முழு ஆட்டம் ஆடிப் பார்ப்பது எல்லாருக்கும் ஆசை. ஆனால் ஐந்து நிமிட ஆட்டத்தில் மவுண்டிலிருந்து தப்பிக்கும் வாய்ப்பு ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். நிலையிலிருந்தே தொடங்கும் பயிற்சியில் அதே ஐந்து நிமிடத்தில் பத்து முறை வரும். இரண்டு நிமிடம் ஒரு சுற்று. சைடு கன்ட்ரோலில் தொடங்குங்கள். மேலிருப்பவரின் வேலை மவுண்டுக்குப் போவது அல்லது அங்கேயே நிற்பது. கீழிருப்பவரின் வேலை முட்டியை உள்ளே கொண்டுவருவது. யாராவது ஒருவர் வேலையை முடித்ததும் நிறுத்தி, மறுபடி அதே இடம். பலம் பாதி, வேகம் பாதி. சுற்று முடிந்ததும் இடம் மாறுங்கள். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் போதும்: முதல் வாரம் சைடு கன்ட்ரோல் மட்டும், அடுத்த வாரம் மவுண்ட், பிறகு கார்டைத் தாண்டுவது, அதன் பிறகு முதுகு.

நான்கும் ஓரளவு கைவந்ததும் ஒரு வட்டம் போடலாம். எதிர்ப்பே இல்லாமல் ஒருவர் கார்டைத் தாண்டி சைடு கன்ட்ரோலுக்கு வருகிறார், வயிற்றில் முட்டி, அங்கிருந்து மவுண்ட். கீழிருப்பவர் புரள, முதுகு. அவர் தோளைப் பாயில் பதிக்க, மேலிருப்பவர் மறுபடி மவுண்ட். கீழிருப்பவர் முழங்கையால் முட்டியைத் தள்ளி ஹாஃப் கார்டு, இறால் போட்டு முழுக் கார்டு, கத்தரிக்கோலால் கவிழ்த்து இப்போது அவர் மேலே. ஒரு வட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் அவசரப்படுகிறீர்கள். கரையில் நிற்கும் மூன்றாமவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: கீழே கிடப்பவரின் முழங்கை விலாவை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் ‘தம்பி, முழங்கை’ என்று சொல்ல வேண்டும். முதல் நாள் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும்.